ஊருக்குள் ஓட்டுவதற்கு அடாஸ் வசதி தேவையா?

கேள்வி:
கோயம்புத்தூரில் அலுவலகம், பள்ளி, சந்தை என்று அன்றாடம் ஊருக்குள் ஓட்டுவதற்காகச் சிறிய எஸ்யூவி ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். கியா சோனெட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ ஆகியவற்றின் விலை உயர்ந்த வகைகளில் கிடைக்கும் அடாஸ் (கேமரா, ரேடார் போன்றவற்றால் சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) வசதிக்காகக் கூடுதலாகச் செலவிடலாமா?

மறுமொழி 1:
இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த சோனெட்டின் முதல் நிலை அடாஸ் கேமராவை மட்டும் நம்பி இயங்குகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 3எக்ஸ்ஓவின் இரண்டாம் நிலை அமைப்பில் ரேடாரும் இருப்பதால், முன்செல்லும் வண்டிக்கேற்பத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் அது அருமையான வசதி என்றாலும், ஊருக்குள் அதை இயக்கும் வாய்ப்பே அரிது. கோடுகள் அழிந்த தெருக்களில், வண்டியைத் தடக் கோடுகளுக்குள் வைத்திருக்க உதவும் லேன் கீப் அசிஸ்டுக்கும் வேலையில்லை.

மறுமொழி 2:
ஊருக்குள் உண்மையில் உதவக்கூடியது தானியங்கி அவசர பிரேக்தான். குறுக்கே வரும் பாதசாரியை நாம் கவனிக்கத் தவறும் நொடியில் அது முதலில் எச்சரித்து, பிறகு பிரேக் பிடிக்கிறது. ஆயினும், இருசக்கர வாகனங்கள் இடுக்கில் நுழையும் நம் சாலைகளில் அது எதிர்பாராமல் பிரேக் பிடித்தால் பின்னால் ஒட்டி வருபவர் மோதக்கூடும் என்பதால், எச்சரிக்கையின் உணர்திறனை மாற்ற முடிகிறதா என்று டெஸ்ட் டிரைவிலேயே பாருங்கள். முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் அதன் பின்னால் உள்ள அடாஸ் கேமராவையும் மீண்டும் அளவமைக்க வேண்டும். அந்தச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
பணம் இடித்தால் ஆறு ஏர்பேக், இஎஸ்சி (வண்டி சறுக்காமல் நிலைப்படுத்தும் அமைப்பு), வண்டியைச் சுற்றிலும் காட்டும் 360 டிகிரி கேமரா உள்ள வகையே போதும் என்பது என் உறுதியான கருத்து.