தசைவலி வராவிட்டால் முன்னேற்றம் நின்றுவிட்டதா?

கேள்வி:
மூன்று மாதங்களாக உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வருகிறேன். முதல் வாரத்தில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்த மறுநாள், மாடிப்படி இறங்கவே கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போதோ கூடுதல் எடையைச் சுமந்தும் வலியே தெரிவதில்லை. வலி இல்லையென்றால் பயிற்சி பலிக்கவில்லை என்று உடன் பயில்பவர்கள் சொல்வது உண்மையா?

மறுமொழி 1:
எடை கூடியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல சான்று வேறில்லை. பழக்கமில்லாத வேலையைச் செய்யும்போது, குறிப்பாகச் சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது, தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, அவற்றைத் தொடரும் அழற்சியோடு வலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. அதே பயிற்சியை மீண்டும் செய்யும்போது தசை தன்னைத் தகவமைத்துக்கொண்டிருப்பதால் வலி குறைகிறது. மலையேறுவதைவிட இறங்குவதே மறுநாள் தொடையை அதிகம் வாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள்.

மறுமொழி 2:
லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் இந்த வலி என்று என் பயிற்சியாளர் சொன்னாரே?

மறுமொழி 3:
பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) அளவு பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், மறுநாள் வரும் வலிக்கு அதைக் காரணமாகக் கொள்ள இயலாது. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே தசைக்குள் ஏற்படும் கிழிசல்களை இதற்குக் காரணமாகக் கருதினார். வலியைத் தேடிப் போய்ப் பயிற்சியைக் கடுமையாக்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கடும் வலியோடு வீக்கமும் சிறுநீர் கருமையாவதும் சேர்ந்தால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.