போனில் வியாபாரியிடம் தடுமாறாமல் பேச என்ன வழி?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். வெளியூர் வியாபாரிகள் போன் போட்டு, "கணவாய் மீன் ஏன் வரல?" என்று கேட்டால் வாய் குழறுகிறது. நேற்று "வந்து... சார்... அது..." என்றே இழுத்தேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். எப்படித் தயாராவது?

பாம்பன் அண்ணன்:
தம்பி, நான் ஏலத்தில் நிற்பவன். பில் புத்தகத்தின் பின்னட்டையில் இரண்டு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். "தடைக்காலம் சார், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வருது. எத்தனை கிலோ வேணும்?" இன்னொன்று: "இருப்பு பார்த்துட்டுப் பத்து நிமிஷத்தில் நானே கூப்பிடுறேன்." கூப்பிட்டுவிட வேண்டும், சரக்கு இல்லையென்றாலும். எழுதினால் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. எனக்கு அது கடற்கரையில் நடக்கும்போதுதான் படிந்தது.

கீழக்கரை அக்கா:
விலை குறைக்கச் சொன்னால் வெறுமனே "முடியாது" என்காதீங்க. "இந்த விலைக்குச் சின்ன சைஸ் தரலாம், அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள்.

கேட்டவர்:
அண்ணே, இன்று காலை அந்தப் பத்து நிமிஷ வாக்கியத்தைச் சொன்னேன். "சரிப்பா, பார்த்துச் சொல்லு" என்று அவர் வைத்துவிட்டார். ஏழாவது நிமிடமே கூப்பிட்டேன்.