பேட் மாற்றி நாலே நாள், ஏற்காடு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

அஸ்தம்பட்டி150:

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காடு போய்விட்டு, நானும் வீட்டுக்காரியும் சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி 150 சிசி, ஐந்து வருஷம் ஆகிறது. மலைக்குப் போகிறோமே என்று நாலு நாள் முன்புதான் முன் டிஸ்க்குக்குப் புது பேட் போட்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் வழக்கம்போல நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம்.

பாதி மலை இறங்கியதும் ஏதோ தீய்ந்த வாடை. லாரி பிரேக்காக இருக்கும் என்று நினைத்தேன். கீழே இருந்து எண்ணினால் ஏழாவது கொண்டை ஊசி. லிவரைப் பிடித்தால் பஞ்சைப் பிடித்த மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. எதிரே ஒரு பஸ் ஏறி வருகிறது. பின் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கம் இருந்த ஓடைக்குள் வண்டியை விட்டேன். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. வீட்டுக்காரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அடிவாரம் வரைக்கும் நான் நடந்தே வர்றேங்க" என்றாள்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது! மறுநாள் பேட் போட்ட கடையில் போய், டூப்ளிகேட் பேட் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டையே போட்டேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எந்த பேட் போட்டால் மலைக்குத் தாங்கும்?

பட்டறைக்காரன்:

தம்பி, ஒரே கேள்வி. லிவர் கல் மாதிரி இருந்து வண்டி நிற்கவில்லையா, இல்லை லிவரே உள்ளே போனதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது. அப்படியென்றால் அந்தக் கடைக்காரர்மேல் தப்பில்லை. போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பேட் சூடேறி வழுக்கினால் லிவர் கெட்டியாகத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். லிவர் பஞ்சு மாதிரி போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் கையின் பலம் பேட் வரைக்கும் போகிறது. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி வரும். குமிழி சுருங்கிவிடும். கையின் பலமெல்லாம் அதற்கே போய்விடும். ஆறியதும் குமிழி திரும்ப ஆயிலாகிவிடும், பிரேக்கும் திரும்ப வந்துவிடும். உங்கள் அரை மணி நேரக் கதை இதுதான்.

ஐந்து வருஷத்தில் ஆயில் எத்தனை தடவை மாற்றினீர்கள்?

அஸ்தம்பட்டி150:

அண்ணா, மாற்றினதே இல்லை. குறைந்தால் ஊற்றுவார்கள் என்று நினைத்தேன்.

பட்டறைக்காரன்:

நினைத்தேனாம்! பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டாட் 4 என்று ஆயிலின் தரத்தை டப்பாவில் போட்டிருக்குமே, அது புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு கணக்கு 155 டிகிரி. டாட் 3 இன்னும் மோசம், 205ம் 140ம். ஐந்து வருஷ ஆயில் டிகாஷன் நிறத்தில் இருக்கும், ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த மூடியிலேயே எந்த டாட் என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, நம்பர் பெரிசு என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள். இன்னொன்று, டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

லூப்ரோடு வாத்தியார்:

ஒரு சின்னக் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல், சேலம் 300க்கும் கீழ். அடிவாரம் வரைக்கும் ஒரு 1100 மீட்டர் இறக்கம் என்று வைப்போம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 300 கிலோ. இவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி, பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நியூட்ரலில் வந்தால், காற்று வாங்கிக்கொண்டது போக மீதி எல்லாம் அந்தச் சின்ன டிஸ்க்கிலும் பின் டிரம்மிலும்தான் இறங்கியாக வேண்டும். கியரில் வந்தால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பஸ் டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

காப்பித்தோட்டம்:

நான் தினமும் இந்த மலையில் ஏறி இறங்குகிறவன். பின்னால் உர மூட்டையோ சாமானோ இல்லாமல் வண்டி போன நாள் குறைவு. வாத்தியார் சொன்னது சரி, வளைவுகளில் இரண்டாவது கியரைத் தாண்டுவதே இல்லை. பிரேக்கை அழுத்தியபடியே வருவதும் இல்லை. வளைவுக்கு முன்னால் பலமாக ஒரு பிடி, விட்டுவிட வேண்டும். ஆற அவகாசம் கிடைக்கும்.

பேட் விஷயத்தில் என் அனுபவம் வேறு. மலைக்கு சின்டர்டு பேட்தான் சரி, சூடு தாங்கும், மழையிலும் பிடிக்கும் என்று ஒருவர் சொல்லப் போட்டேன். உலோகத் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்கிற பேட் அது. சூடு தாங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் காலையில் பனிமூட்டத்தில் முதல் இரண்டு பிடிக்குக் கட்டையாக இருக்கும், கீச்சென்று ஊரையே எழுப்பும். ஒன்றரை வருஷத்தில் டிஸ்க்கில் விரலால் தடவினால் வரப்பு மாதிரி ஓரம் தட்டியது. அளந்து பார்த்தால் டிஸ்க் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கே வந்துவிட்டது. டிஸ்க் விலைக்கு எத்தனை செட் பேட் வாங்கியிருக்கலாம்! இப்போது கம்பெனி கொடுக்கிற ஆர்கானிக் பேட்தான். சீக்கிரம் தேய்கிறது, தேயட்டும்.

பட்டறைக்காரன்:

தோட்டக்காரரே, உங்கள் டிஸ்க் அதற்கேற்ற டிஸ்க் இல்லை. எல்லா டிஸ்க்கும் சின்டர்டு தாங்காது. அதற்காக பேட்டையே குறை சொல்லாதீர்கள்.

காப்பித்தோட்டம்:

தேய்ந்தது என் காசுங்க, நான் குறை சொல்லத்தான் செய்வேன்.

கோரிமேடு ஸ்கூட்டி:

எல்லாரும் கியர் கியர் என்கிறீர்கள். கியரே இல்லாத ஸ்கூட்டரில் போகிற எங்களுக்கு? எனக்கு மேலே வேலை, வாரம் இரண்டு தடவையாவது ஏறி இறங்குவேன். இரண்டு பக்கமும் டிரம். ஆரம்பத்தில் மெதுவாகப் போனால் பத்திரம் என்று பத்துப் பதினைந்து வேகத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவேன். ஒரு நாள் பின் சக்கரத்திலிருந்து புகையே வந்தது. பிரேக் ஷூ தீய்ந்து டிரம்மெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

அப்புறம்தான் ஒருவர் விளக்கினார். ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சினின் இழுவை போய்விடும், நியூட்ரலில் வருகிற மாதிரிதான். கொஞ்சம் வேகம் இருந்தால் அந்த இழுவை கிடைக்கும், ஆனால் கியர் வண்டி அளவுக்கு இல்லை. இப்போது வழியில் இரண்டு இடத்தில் நிறுத்துகிறேன். பத்து நிமிஷம், குரங்குகளுக்குப் பயந்து பையை இறுக்கிக்கொண்டு! ஒரு அண்ணா சீக்கிரம் ஆறட்டும் என்று டிரம் மேல் தண்ணீர் ஊற்ற வந்தார், நல்ல வேளை தடுத்துவிட்டேன். சூட்டில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும்.

ஓமலூரான்:

என் கதை மலைக்கதை இல்லை, சேலம் ஐந்து ரோடு சிக்னல் கதை. செயினுக்கு ஸ்பிரே அடித்தேன், டிஸ்க்கிலும் கொஞ்சம் பட்டிருக்கிறது. சிக்னலில் பிடித்தால் வண்டி வெண்ணெய் மேல் போகிற மாதிரி போய் முன்னால் நின்ற ஆட்டோவை முத்தமிட்டது. பேட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டேன், இரண்டு நாளில் திரும்ப அதே கதை. எண்ணெய் குடித்த பேட் தேறாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன். ஆட்டோவுக்கு 800 ரூபாய் தனி.

ஆனாலும் ஒரு சந்தேகம். இரண்டாவது கியரில் எஞ்சின் அலறிக்கொண்டு இறங்கினால் பெட்ரோல் தாறுமாறாகக் குடிக்காதா?

லூப்ரோடு வாத்தியார்:

இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலும் இன்ஜெக்ஷன் வண்டிகள்தான், அதாவது பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து விடுகிறவை. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு இறங்கினால், பொதுவாக அவை பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் வந்தால் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சமாவது பெட்ரோல் விட்டாக வேண்டும். அதனால் அஸ்தம்பட்டிக்காரர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவுதான் செய்திருக்கிறார்.

பட்டறைக்காரன்:

பேட் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குப் பட்டறையில் வந்து கேட்கப் போகிறீர்கள். டார்ச் அடித்து, பேட் உட்கார்ந்திருக்கும் காலிப்பருக்குள் பாருங்கள். பேட்டில் ஒரு கோடு வெட்டியிருக்கும், அது மறையப் போகிறதென்றால் மாற்றிவிடுங்கள். இரும்பு இரும்பை உரசும் சத்தம் கேட்ட பிறகு வந்தால் டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் பில்.

ஒரு பேட் காகிதமாகத் தேய்ந்து, ஜோடி பேட் தடிமனாகவே இருந்தால் பேட்டைத் திட்டாதீர்கள். காலிப்பர் நகர்கிற பின் இறுகியிருக்கும், இல்லை பேட்டை அழுத்துகிற பிஸ்டன் திரும்பாமல் நிற்கும். மாமாங்கம் பக்கம் மேக்னசைட் தூசியில் ஓடுகிற வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். பின்னைக் கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும், செயின் கிரீஸ் கூடாது, ரப்பர் உப்பிவிடும். பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது மேலே கிண்ணத்தில் ஆயில் வழிகிறதா என்று ஒரு கண் வேண்டும்.

புது பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் மிதமாகப் பிடித்து ஓட்டினால்தான் பேட் டிஸ்க்கோடு முழுசாகப் பொருந்தும். தம்பி நாலாம் நாள் மலையேறியதும் அதனால் தப்புதான். அப்புறம் பேட் மாற்றி முடிந்ததும் லிவரை நாலைந்து தடவை அடித்து, கெட்டியான பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் அடிக்காமலே கிளம்பி, என் பட்டறைக்கு எதிர்ச் சுவரில் போய் நின்றார். அந்தச் சுவரில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அஸ்தம்பட்டி150:

ஆயில் மாற்றியாயிற்று. அண்ணன் சொன்ன டிகாஷன் நிறமேதான், பாதி டம்ளர் பிடித்து வைத்து வீட்டில் காட்டினேன். பேட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். பழைய கடைக்கே போனேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று தனியாகப் போய் இரண்டாவது கியரில் இறங்கிப் பார்த்தேன். ஏழாவது வளைவில் லிவர் கெட்டியாகவே இருந்தது. அடுத்த வாரம் வருகிறாயா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். பஸ்ஸில் வருகிறாளாம்.