ஜி மேஜர் மினுவெட்: ஹார்ப்சிகார்டில் கேட்டால் ஏன் இவ்வளவு வறட்சி?

அரைச்சுரம்:
பியானோ கற்றவர்கள் எல்லோரும் வாசித்திருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஜி மேஜர் மினுவெட்டை (மூன்று தட்டு நடன மெட்டு) நேற்று ஹார்ப்சிகார்டில், அதாவது பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியத்தில், கேட்டேன். எல்லாச் சுரமும் ஒரே சத்தம். தட்டச்சு மெஷின் மாதிரி. இதையா தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

பழந்தந்தி:
முதலில், அது பாக் எழுதியதே இல்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் ஆண்டு இசை நோட்டுப் புத்தகத்தில் பெயர் போடாமல் இருந்ததால் பாக் கணக்கில் சேர்ந்துவிட்டது. டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது என்று 1970களில்தான் தெளிவானது.

அப்புறம் சத்தம். ஹார்ப்சிகார்டில் விசையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் உள்ளே இருக்கும் இறகு முள் தந்தியை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீட்டும். அழுத்தம் வேண்டும் என்றால் அந்தச் சுரத்துக்கு முன்னால் மயிரிழை இடைவெளி விடவேண்டும். மினுவெட் ஆட்டத்தின் அடிப்படை அடவு இரண்டு பார் நீளம் (மூன்று தட்டு ஒரு பார்): ஆறு தட்டுக்குள் நான்கு காலடி. முதல் பாரில் கால் இறங்கும், இரண்டாவது அதன் தொடர்ச்சி. விரலில் அது கேட்கவேண்டும். நீங்கள் கேட்டவர் சும்மா சுரங்களைக் கொட்டியிருப்பார்.

அரைச்சுரம்:
பெட்சோல்ட் விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் அந்த நோட்டு வீட்டில் வைத்து வாசிக்க எழுதியது. அதைப் போட்டு யார் ஆடினார்கள்? அந்தக் கால ஜெர்மன் வீடுகளில் கிளாவிகார்டு என்ற இன்னொரு கீபோர்டு வாத்தியமும் இருந்ததே! அதில் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடும், குறையும். அன்னா மக்தலேனா அதில் வாசித்திருந்தால் உங்கள் வாதம் என்னாவது?

பழந்தந்தி:
சரி, அது நல்ல அடி. ஹார்ப்சிகார்டில் மட்டும்தான் வாசிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. (கொஞ்சம் சொன்னேன்.) ஆனால் பியானோவில் சுரத்தை நீளவைக்கக் காலால் மிதிக்கும் பெடல் கிளாவிகார்டிலும் கிடையாது.

மூணுதட்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே மெட்டை 1965இல் அமெரிக்காவில் நான்கு தட்டுக்கு மாற்றிப் பாப் பாட்டாக்கினார்கள், பெரிய ஹிட். இனிமைதான், ஆனால் மினுவெட் காணாமல் போய்விட்டது. பியானோவில் பெடலை மிதித்து இழுத்து இழுத்து வாசிப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள், மூன்று தட்டை வைத்துக்கொண்டே. என் கீபோர்டில் இருக்கும் ஹார்ப்சிகார்ட் சத்தம் மகா மட்டம், ஆனாலும் அதில் பழகிய பிறகுதான் என் இடதுகை நடக்க ஆரம்பித்தது.

அரைச்சுரம்:
இப்போதுதான் பெடல் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது பாரில் டி, ஜி, ஜி என்று வரும் இடத்தில் ஜி இரண்டையும் வெட்டி வாசித்தால் துள்ளுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்ப வாசிக்கும்போது சத்தத்தைக் குறைப்பேன். அதை விடமாட்டேன்.

பழந்தந்தி:
குறையுங்கள். ஆனால் நோட்டில் அடுத்தே இருக்கும் ஜி மைனர் மினுவெட்டை வாசித்துவிட்டு மறுபடி மேஜருக்கு வந்து பாருங்கள். அதற்குப் பிறகும் குறைக்கத் தோன்றினால் இங்கே வந்து திட்டுங்கள்.