நாள் முழுக்கத் தமிழ் மெய்ப்புப் பார்க்க: ஓஎல்இடி திரையா, ஐபிஎஸ் திரையா?

மெய்ப்புமேசை:
புத்தக மெய்ப்புத் திருத்துவதுதான் வேலை. வாங்க நினைக்கும் 14 அங்குல லேப்டாப் இரண்டு திரைகளில் வருகிறது. ஒன்று 1920×1200 ஐபிஎஸ் (பின்னொளியில் இயங்கும் எல்சிடி வகை), மேட் (பளபளப்பில்லாதது), 300 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45% என்டிஎஸ்சி (காட்டும் நிறங்களின் அளவு). மற்றது 2880×1800 ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும் வகை), பளபளப்பு, 400 நிட்ஸ். உட்காரும் இடத்தில் முதுகுப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கருநீலம்:
ஓஎல்இடிதான். முதல் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 162 புள்ளிகள், இரண்டாவதில் 243. தமிழுக்கு இது பெரிய விஷயம். ணி, ணீ இரண்டையும் பிரிப்பது மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி மட்டும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி விழுந்ததா இல்லையா என்பதும் அப்படித்தான். அப்புறம் 45% என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளின் வழக்கமான நிறத்தொகுப்பு) நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை காணாமல் போகும். அட்டைப்படத்தின் சிவப்பு செங்கல் நிறத்தில் நிற்கும்.

ஜன்னலோரம்:
முதுகுக்குப் பின்னால் ஜன்னல் என்று அவர் எழுதியதைக் கவனித்தீர்களா? பளபளப்புத் திரையில் அந்த ஜன்னல் அப்படியே தெரியும். 400 நிட்ஸ் பகல் வெளிச்சத்தோடு போட்டி போட முடியாது. இன்னொன்று, பல ஓஎல்இடி பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது நொடிக்கு 240 முறை அணைந்து எரிகின்றன. எல்லோருக்கும் அது தொந்தரவு தராது. தொந்தரவு தருகிறவர்களுக்கு மாலைக்குள் தலைவலி வந்துவிடும். எனக்கு வரும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கருநீலம்:
அதற்கு வழி இருக்கிறதே. ஆசுஸ் போன்றவர்கள் துடிப்பில்லாமல் வெளிச்சம் குறைக்கும் வசதியை மென்பொருளிலேயே தருகிறார்கள். 240ஐவிட வேகமாகத் துடிக்கும் பேனல்களும் வந்துவிட்டன. ஜன்னலுக்குத் திரைச்சீலை போடலாம், மேசையைத் திருப்பலாம். மங்கலான பேனலை எப்படித் திருத்துவீர்கள்?

ஜன்னலோரம்:
வாடகை வீட்டில் மேசையை எங்கே திருப்புவது? சரி, திருப்பியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் பார்ப்பது வெள்ளைப் பக்கம், நாள் முழுக்க. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால் வெள்ளைக்குத்தான் மின்சாரம் அதிகம் போகும். கறுப்புப் பின்னணியில் கிடைக்கும் சேமிப்பு அவருக்குக் கிடைக்காது. கீழே டாஸ்க்பார், மேலே மெனு, வருடக்கணக்கில் அதே இடத்தில். நீலப் புள்ளிகள் முதலில் தேயும், தடம் விழும்.

எழுத்தாணி:
இரண்டு பேரும் அந்த 45% ஐபிஎஸ்ஸை வைத்தே சண்டை போடுகிறீர்கள். அது வேண்டவே வேண்டாம். 14 அங்குலத்தில் 2560×1600, மேட், 100% எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் திரையோடு வேறு மாடல்கள் இருக்கின்றன. அங்குலத்துக்குச் சுமார் 216 புள்ளிகள். சுழியும் தெரியும், ஜன்னலும் தெரியாது.

கருநீலம்:
நல்ல திரைதான். ஆனால் ஓஎல்இடியில் கிடைக்கும் முழுக் கறுப்பு ஐபிஎஸ்ஸில் வராது. இரவில் படம் பார்ப்பவர் என்றால் நான் இன்னும் ஓஎல்இடி பக்கம்தான்.

மெய்ப்புமேசை:
படம் டிவியில் பார்த்துக்கொள்வேன். மேசையையும் நகர்த்த முடியாது. துடிப்பைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஜன்னலோரம்:
உண்டு. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். போன் கேமராவில் ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் தடிமனாக ஓடினால் அந்தத் திரையை விட்டுவிடுங்கள். உங்கள் புத்தகக் கோப்பு ஒன்றையும் கொண்டுபோய்த் திறந்து படித்துப் பாருங்கள்.