செடேட்டிங் ஆன்டிஹிஸ்டமின்: ‘மயக்கமூட்டும்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘செடேட்டிங் ஆன்டிஹிஸ்டமின்’ என்பதற்குத் தமிழாக ‘மயக்கமூட்டும் ஒவ்வாமை மருந்து’ என்பதை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒரு மறுப்பு. மயக்க மருந்து என்றால் ஆபரேஷனுக்குக் கொடுப்பது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஒவ்வாமைக்குப் போடும் அவிலும் குளோர்பெனிரமினும் அந்த வகை இல்லை.

‘தூக்கமூட்டும்’ இன்னும் ஆபத்து. பெயரைப் பார்த்தே, தூங்காத குழந்தைக்கு ஒரு மூடி ஊற்றிவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பையும் ஓயாத அழுகையையும்தான் கொடுக்கும். இதே வகையைச் சேர்ந்த புரோமெத்தசின் 2 வயதுக்குள் கூடவே கூடாது, மூச்சு அடங்கிப்போகலாம். குளோர்பெனிரமினும் மூக்கடைப்பு நீக்கும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது என்று உறையிலேயே அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் சொல்லியிருக்கிறது.

ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருள், மூளையை விழிப்பாக வைத்திருப்பவற்றிலும் ஒன்று. இந்தப் பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் புகுந்து, ஹிஸ்டமின் ஒட்டும் இடங்களான ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் வருவது ஆழ்ந்த தூக்கமல்ல: கண் சொக்கும், கவனம் சிதறும், பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் தாமதிக்கும். குளோர்பெனிரமின் பாதியளவு வெளியேறவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். ஆகவே, இரவு போட்டது காலையில் வண்டி எடுக்கும்போதும் உடம்பில் இருக்கும். இதைச் சரியாகச் சொல்வது ‘தூக்கக்கலக்கம்’. ‘தூக்கக்கலக்கம் தரும் ஹிஸ்டமின் தடுப்பி’ என்பது என் முன்மொழிவு.

—

ஐயா, ஏற்கிறேன். நீளத்துக்குப் பயந்து ‘கலக்கத் தடுப்பி’ என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். கலக்கத்தைத் தடுப்பது என்று பொருள் தலைகீழாகிவிடும். புதிய வகையைக் ‘கலக்கம் தராத’ என்பதும் தவறு. அந்த வகையான செட்டிரிசின் 10 மி.கி. போட்டாலே சிலருக்குக் கண் சொக்குகிறது. ‘கலக்கம் குறைந்த’ என்போம்.

விளக்கக் குறிப்பில் அளவும் வர வேண்டும். குளோர்பெனிரமின் பெரியவர்களுக்கு 4 மி.கி., 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 24 மி.கி.யைத் தாண்டாமல். ஜலதோஷ மாத்திரையிலும் இதே மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமான தவறு. மது, தூக்க மாத்திரை கூடாது. வயதானவர்கள் நிலைதடுமாறி விழலாம், மனக்குழப்பமும் வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். குறுகிய கோண கிளாகோமா (ஒரு வகைக் கண் அழுத்த நோய்) இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.