ஈதர் இல்லன்னா ஓடுற தண்ணி வெளிச்சத்த எப்படி இழுக்குது? கணக்கு இடிக்குது, உதவுங்க

கேள்வி:
பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்கும் நெறஞ்சு வெளிச்ச அலைய சுமக்குதுன்னு அப்போ நெனச்ச ஊடகம்தான் ஈதர்; பூமி அதுக்குள்ள போறப்ப அடிக்கணும்னு நெனச்ச ஈதர் காத்த 1887ல மைக்கெல்சனும் மார்லியும் தேடி ஒண்ணும் சிக்கலைங்கிறது புரியுது. ஆனா 1851லயே ஃபிஸோ குழாய்ல செகண்டுக்கு 7 மீட்டர் வேகத்துல தண்ணிய ஓடவிட்டு உள்ள வெளிச்சத்த அனுப்பிருக்காரு, தண்ணி வேகத்துல ஏறக்குறைய பாதிதான் வெளிச்சத்துல ஏறுச்சு, தண்ணிக்குள்ள ஈதர் கொஞ்சம் மட்டும் கூடவே நகரும்னு ஃப்ரெனல் முன்னாடியே போட்ட ஃபார்முலாவும் அதத்தான் சொல்லுது. ஈதரே வேணாம்னா அந்தப் பாதி எங்கேர்ந்து வருது? ஐன்ஸ்டீனோட வேகம் கூட்டுற ஃபார்முலால (ரெண்டு வேகத்தையும் கூட்டி, 1 + ரெண்டோட பெருக்கல்/வெற்றிடத்துல வெளிச்ச வேகத்தோட வர்க்கம், இதால வகுக்கணும்) போட்டேன், டினாமினேட்டர் 1.0000000175 வந்துச்சு, 1ன்னு வெச்சுக்கிட்டேன், 7 முழுசா ஏறிடுது. ரெண்டு நாளா இதுலயே உக்காந்திருக்கேன், எங்க தப்பு?

பதில் 1:
தம்பி, 1ன்னு வெச்ச இடத்துலதான் தப்பு. தண்ணில வெளிச்சத்தோட வேகம் 3 லட்சம் கிலோமீட்டர வகுத்தல் 1.33 (தண்ணியோட ஒளிவிலகல் எண்), அதாவது செகண்டுக்கு சுமார் 22.56 கோடி மீட்டர். நீங்க தள்ளிவிட்ட 0.0000000175 தம்மாத்தூண்டுதான், ஆனா அத 22.56 கோடியால பெருக்குங்க, ஏறக்குறைய 3.95 மீட்டர் வரும். நீங்க தேடுறதே 7 மீட்டருக்குள்ள ஒரு விஷயம், அதுல 3.95அ விட்டுட்டா எப்படி?

பதில் 2:
அண்ணன் சொன்னதோட இதையும் பாருங்க. ஃப்ரெனல் ஃபார்முலால ஒளிவிலகல் எண் இருக்கு, அது கலருக்கு கலர் மாறும். அப்போ செவப்புக்கு ஈதர் ஒரு அளவு நகரணும், ஊதாவுக்கு வேற அளவு நகரணும், ஒரே குழாய்க்குள்ள ஒரே நேரத்துல! எனக்கு இத படிச்சப்போதான் ஈதர் மேல இருந்த பிடிப்பே விட்டுச்சு. மைக்கெல்சன் ரிசல்ட்டுக்கும், ஈதருக்குள்ள நகர்ற பொருளோட நீளம் சுருங்குதுன்னு சொல்லி டச்சு விஞ்ஞானி லோரன்ஸ் ஈதர காப்பாத்தி வெச்சிருந்தாரு, அதனால ஐன்ஸ்டீன் 1905ல ஈதர் இல்லன்னு நிரூபிக்கல, தேவையில்லன்னுதான் சொன்னாரு. ஃபிஸோ கணக்க 1907ல ஜெர்மன் விஞ்ஞானி லாவே வேகக் கூட்டல் ஃபார்முலால இருந்தே எடுத்துக் காட்டினாரு. எத ஈதருக்கு நல்ல சாட்சின்னு நெனச்சாங்களோ அது ஈதர் பேரே சொல்லாம ரெண்டு வரில வந்துருது, வெளிச்சத்த யாரும் இழுக்கல, வேகம் கூட்டுற முறையே அப்படி.

கேள்வி கேட்டவர்:
அண்ணா வந்துருச்சு!! போன் கால்குலேட்டர்ல இலக்கம் பத்தாம ரவுண்ட் ஆயிடுச்சு, அதனால பேப்பர்ல போட்டேன், 7ல 3.96 போக 3.04. ஃப்ரெனல் ஃபார்முலாலயும் அதே 3.04. ஊதாவுக்கு 1.34 போட்டா 3.10 வருது, சரியா?

பதில் 1:
சரிதான். இன்னும் துல்லியமா வேணும்னா, ஓடுற தண்ணிக்கு அந்த வெளிச்சத்தோட அலைநீளம் டாப்ளர் விளைவால (நகர்றதால அலை மாறித் தெரியறது) லேசா மாறித் தெரியும், அதுக்கு ஒரு சின்ன திருத்தம் சேரும். லோரன்ஸ் 1895லயே அத எழுதிட்டாரு, அடுத்து அதப் போட்டுப் பாருங்க.